முதலில் ஒரே ஒரு சீனை எடுத்து, வெட்டிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: விஸ்காம் மூன்றாம் ஆண்டு. கடைசி செமஸ்டருக்கு ஐந்து பேர் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு நல்ல மொபைல், நண்பனின் டிஎஸ்எல்ஆர், சுமாரான ஒரு லேப்டாப். யூடியூபில் எத்தனையோ பாடம் பார்த்தாயிற்று. ஆனாலும் ஸ்பாட்டில் போய் நின்றால் கேமராவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த ஒரு ப்ராஜெக்டை வைத்தே ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் பழகிக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் மாணவர்கள் வழக்கமாக எடுக்கிற முறையில் எடுத்தால் முடியாது. நான் எடிட்டிங்கில் இருப்பவன். கல்லூரிகளில் மாணவர் படங்களை மதிப்பிட அவ்வப்போது கூப்பிடுவார்கள். அங்கே பார்க்கிற கதை பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு மாதம் கதை பேசியே போகும். கடைசி வாரத்தில் இரண்டு, மூன்று நாளில் மொத்தப் படத்தையும் அள்ளிக்கொண்டு வருவார்கள். சமர்ப்பிக்க ஒரு நாள் இருக்கும்போது, சாஃப்ட்வேர் தெரிந்த ஒருவனிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு மற்ற நாலு பேரும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, ‘அந்த ஷாட்டைப் போடுடா’ என்பார்கள். கேமரா பிடித்தவனுக்குத் தான் எதை எடுக்காமல் வந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். எடிட் செய்தவனோ, இல்லாத ஷாட்டுக்கு எதையாவது வைத்து ஒப்பேற்றுவதுதான் எடிட்டிங் என்று நினைத்துக்கொள்வான். படம் முடிந்துவிடும், மார்க்கும் வந்துவிடும். அடுத்த படத்திலும் அதே தடுமாற்றம்தான்.

கேமராவை எங்கே வைப்பது என்கிற அறிவு, எடிட்டிங்கில் உட்கார்ந்து ‘ஐயோ, இந்த ஷாட் இல்லையே’ என்று தவித்தவனுக்குத்தான் வரும். அதனால் அந்தத் தவிப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் முதல் வாரத்திலேயே வரவழைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் முடிந்ததும் படத்திலிருந்து ஒரே ஒரு சீனை மட்டும் எடுங்கள். அதை வெட்டி, சவுண்ட் வைத்து, ஒன்றரை நிமிடத் துண்டாக முடித்துப் பாருங்கள். அப்புறம் அதே சீனைத் திரும்பவும் எடுங்கள். மிச்சப் படத்துக்கு அதற்குப் பிறகு போனால் போதும்.

இருப்பதிலேயே சாதாரணமான சீனாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சண்டை வேண்டாம், மழை வேண்டாம். ஒரு அறை, இரண்டு பேர், நாலு வசனம். விளக்குவதற்காக இப்படி வைத்துக்கொள்வோம்: இரவு ஒன்பதரை மணி. அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் வந்து செருப்பைக் கழற்றுகிறாள். “சாப்டியா?” “ம்.” “பஸ் கெடச்சுதா?” “சிவா கொண்டுவந்து விட்டான்.” அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். அவள் உள்ளே போய்விடுகிறாள்.

முதல் தடவை உங்களுக்குத் தெரிந்தபடியே எடுங்கள். யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். எடுத்துக்கொண்டு வந்து டைம்லைனில் (எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடம்) போட்டதும் நாலு குறைகளில் குறைந்தது மூன்று நிச்சயம் தெரியும்.

முதலாவது, பேசுகிறவர் முகத்தை மட்டுமே எடுத்திருப்பீர்கள். மகள் பேசும்போது மகள், அப்பா பேசும்போது அப்பா. கேட்டுக்கொண்டிருக்கிற முகம் எங்கேயும் இருக்காது. இந்தச் சீனில் கதையே கேட்கிறவர் முகத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, கடைசி வசனம் முடிந்த நொடியே யாரோ ‘கட்’ சொல்லியிருப்பார்கள். நடிகருக்கு நல்ல ரியாக்‌ஷன் வருவது வசனத்துக்குப் பிறகுதான். ஆக்‌ஷனுக்கு முன்னால் ஐந்து நொடி, வசனம் முடிந்த பின் ஐந்து நொடி கேமரா ஓட வேண்டும். இயக்குநர் வாயைத் திறக்காமல் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

மூன்றாவது, லுக். அப்பா ஃபிரேமில் வலதுபக்கம் பார்த்துப் பேசினால் மகள் இடதுபக்கம் பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, எல்லா ஷாட்டையும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். கோட்டைத் தாண்டி ஒரு குளோஸ் (முகத்தை நெருக்கமாகக் காட்டும் ஷாட்) எடுத்துவிட்டால், வெட்டிச் சேர்க்கும்போது இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். ஸ்பாட்டில் இது கண்ணுக்குப் படாது.

நாலாவது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருப்பது. மாஸ்டர் ஷாட்டில் (முழுச் சீனையும் ஒரே ஓட்டமாக எடுப்பது) ‘ம்’ சொல்லும்போது பை இடது தோளில் இருக்கும், குளோஸில் தரையில் கிடக்கும். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மொபைலில் ஒரு ஃபோட்டோ எடுத்து வைப்பதை ஒருவர் வேலையாகவே ஆக்கிவிடுங்கள். எந்த வார்த்தையின்போது கை எங்கே இருந்தது என்பதையும் அவர் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இவையெல்லாம் எந்தப் பாடத்திலும் இருப்பவைதான். கேட்டபோது தலையாட்டியிருப்பீர்கள். சொந்த ஃபுட்டேஜில் பட்டால்தான் உறைக்கும்.

இப்போது எடிட்டிங். அதே சீனில் ‘சிவா கொண்டுவந்து விட்டான்’ என்ற ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று விதமாக வெட்டலாம். ஒன்று, மகள் முகத்திலேயே வசனத்தை முழுக்க ஓடவிட்டு, முடிந்ததும் அப்பாவுக்கு வெட்டுவது. அப்போது பார்ப்பவர், ‘இவர் இதை எப்படி எடுத்துக்கொள்ளப் போகிறார்?’ என்று காத்திருப்பார். இன்னொன்று, அவள் வாயைத் திறக்கும் முன்பே அப்பாவின் குளோஸுக்குப் போய்விடுவது. ‘சிவா’ என்ற பெயர் அவர் முகத்தின்மேல் விழும். அந்த நொடியிலிருந்து அது அப்பாவின் கதை. கடைசியாக, வெட்டாமலே, இருவரும் தெரிகிற வைட் ஷாட்டில் இருந்துவிடுவது. வாசலுக்கும் சோபாவுக்கும் நடுவே கிடக்கும் காலித் தரை தெரியும்; யார் பக்கமும் சாயாமல் இருவரையும் தள்ளி நின்று பார்க்கிறோம். மூன்றையும் செய்து அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். வசனமும் நடிப்பும் மாறவில்லை, ஆனால் மூன்றும் வேறு வேறு படம். உங்கள் கதைக்கு எது சரி என்பதில் ஐந்து பேருக்கும் சண்டை வரும். வரட்டும், இந்த ப்ராஜெக்டில் உருப்படியான வகுப்பு அந்தச் சண்டைதான்.

அடுத்து ரிமோட். அவர் ரிமோட்டை எடுப்பதைக் காட்டி, அப்புறம் சத்தம் கூடுவதைக் கேட்க வைப்பது ஒரு வழி. மகள் முகத்தில் இருக்கும்போதே டிவி சத்தம் கூடத் தொடங்கி, அதன் பின்னால் அப்பாவுக்கு வெட்டினால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். படம் மாறுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுவதை ஜே கட் என்பார்கள். படம் மாறிய பிறகும் முந்தைய ஷாட்டின் சத்தத்தை இழுத்துக்கொண்டு போனால் எல் கட். டைம்லைனில் ஆடியோவும் வீடியோவும் ஒரே இடத்தில் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தால் அது இன்னும் முதல் அடுக்குதான், எடிட்டிங் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

வசதி இல்லை என்று புலம்புகிறவர்களுக்காக ஒரு பழைய கதை. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் கச்சா ஃபிலிமுக்குக் கடும் பஞ்சம். அங்கே சினிமாப் பாடம் நடத்திய இயக்குநர் லெவ் குலெஷோவ், தன் மாணவர்களைக் கேமராவில் ஃபிலிமே இல்லாமல் ‘படங்கள்’ நடிக்க வைத்தார். ஷாட் ஷாட்டாகப் பிரித்து, மேடையில் நடித்துப் பழகினார்கள். ஒரே நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டி, முகத்தின் பொருள் பக்கத்து ஷாட்டிலிருந்து வருகிறது என்று அவர் சொன்னது இன்று எல்லா சினிமாப் பாடத்திலும் இருக்கிறது. உங்களுக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. ஷூட்டிங்கில் ஒவ்வொரு நடிகரையும் ஒன்றும் செய்யச் சொல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்லி அரை நிமிடம் குளோஸில் எடுத்து வையுங்கள். ஏதோ ஓர் இடத்தில் அது உங்களைக் காப்பாற்றும்.

எத்தனை டேக் போகலாம்? 35 எம்எம் காலத்தில் 400 அடி ரோல் ஒன்று கேமராவில் நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும். திரைப்படக் கல்லூரிகளில் மாணவர் படத்துக்கு ஃபிலிமை அளந்துதான் கொடுப்பார்கள். அதனாலேயே ஒவ்வொரு ஷாட்டையும் யோசித்து, ரிகர்சல் பார்த்து எடுத்தார்கள். இன்று மெமரி கார்டு இருக்கிற தைரியத்தில் பன்னிரண்டு டேக் போகிறார்கள். பதினொன்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நாலு டேக்குக்கு மேல் கிடையாது என்று நீங்களே சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த டேக் வேண்டும் என்றால், எதை மாற்றப் போகிறோம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் ரோலிங். ‘சேஃப்டிக்கு ஒன்னு’ என்பது காரணம் ஆகாது.

கேமரா செட்டிங்ஸை ஒரு தடவை முடிவு செய்துவிட்டு மறந்துவிடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். மொபைலில் தானாக இருக்கும் நொடிக்கு 30 ஃபிரேமில், 1/60 நொடி ஷட்டரில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடுவதற்கு இதுதான் காரணம். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும். அசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். போனில் கூடவே வந்த கேமரா ஆப்பில் இதெல்லாம் கைக்கு வராவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் இருக்கிறது. வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ற நிற அளவு), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டையும் லாக் செய்யுங்கள். இல்லையென்றால் நடிகை ஜன்னலைத் தாண்டி நடக்கும்போது அவர் முகம் மஞ்சளாகி, நீலமாகி, இருண்டு வெளுக்கும். இதை டிஐயில் (எடிட்டிங்குக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யும் வேலை) சரி செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மொபைலையும் டிஎஸ்எல்ஆரையும் ஒரே சீனில் கலக்காதீர்கள். நிறமும் கூர்மையும் ஒத்துப்போக வைப்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். மொபைலில் 0.5 என்று காட்டும் அகன்ற லென்ஸில் குளோஸ் எடுப்பதும் வேண்டாம், மூக்கு முன்னால் வந்து நிற்கும். மெயின் லென்ஸில் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். லைட்டுக்கு ஒரு ஜன்னலும் ஒரு தெர்மகோல் அட்டையும் போதும். இரவுச் சீன் என்றால் மேலே இருக்கிற டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு விளக்கு. வெள்ளை டியூபும் மஞ்சள் பல்பும் ஒன்றாக எரிய விட்டால் எந்த வொயிட் பேலன்ஸும் இரண்டுக்கும் பொருந்தாது.

கேமராவைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது சவுண்ட். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். வசனம் புரியவில்லை என்றால் அடுத்த நிமிடமே கவனம் போய்விடும். நம் சினிமாவில் டப்பிங் பழக்கம் இருப்பதால், ‘அப்புறம் டப் பண்ணிக்கலாம்’ என்று மாணவர்களும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். உதட்டசைவுக்குப் பேசுவது தனித் தொழில். ஹாஸ்டல் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு செய்கிற வேலை இல்லை. லைவாகவே எடுங்கள். காலரில் குத்துகிற சின்ன மைக்கை இன்னொரு போனில் செருகி, அதை நடிகரின் பாக்கெட்டில் போட்டுவிடலாம். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஃபிரேமில் தெரிகிற மாதிரி ஒருவர் கையைத் தட்டினால் எடிட்டிங்கில் சேர்ப்பது எளிது.

ஃபேனை நிறுத்த வேண்டும். ஏப்ரல் மாதம் சென்னையில் ஃபேனை நிறுத்தினால் இரண்டாவது டேக்கிலேயே முகம் வழியும், அதுவும் கன்டினியூட்டிதான். துண்டும் டிஷ்யூவும் பக்கத்தில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜை அணைத்தால் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்ப ஆன் செய்யாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆடி மாதம் என்றால் தெருவில் அம்மன் கோயில் இருக்கிறதா என்று லொக்கேஷன் பார்க்கும்போதே விசாரியுங்கள், ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அன்றைய ஷூட்டிங்கை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். கிளம்பும் முன் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவே சத்தத்தை வெட்டி எடுத்தால் அங்கே குழி விழும். அதை நிரப்ப இதுதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபுட்டேஜை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்த நாள் ஐந்து பேரும் உட்கார்ந்து எல்லா டேக்கையும் தொடக்கம் முதல் கடைசிவரை பாருங்கள். போர் அடிக்கும். தன் ஷாட் எங்கே ஆடுகிறது, எப்போது ஃபோகஸ் போகிறது என்று கேமரா பிடித்தவருக்குக் காது சிவக்கும். ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்; பிடித்த இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்த ஒரு சீனை வெட்டுங்கள். சாஃப்ட்வேர் தெரியாதவரும்தான். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் தேவையான நாலைந்து கட்டளைகளை ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். முக்கியமாகக் கேமரா பிடித்தவர் கட்டாயம் வெட்ட வேண்டும். அவர் அடுத்த ஷூட்டிங்குக்கு வேறு ஆளாக வருவார்.

ரஃப் கட்டில், அதாவது முதலில் வெட்டிச் சேர்த்துப் பார்க்கும் வடிவத்தில், இசை வேண்டவே வேண்டாம். சுமாரான சீனுக்குக் கீழே இளையராஜாவின் ஒரு வயலினை ஓடவிட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். அது அவர் செய்த வேலை, உங்கள் கட் செய்த வேலை அல்ல. பிறகு உரிமைப் பிரச்சினையால் அந்த இசையை எடுத்தே ஆக வேண்டி வரும், அப்போது சீன் எலும்பாக நிற்கும். ஸ்லோ மோஷன், ட்ரோன், ‘சினிமாட்டிக்’ என்று டவுன்லோட் செய்கிற கலர் லட் (படத்தின் நிறத்தை மொத்தமாக மாற்றும் கோப்பு) இவற்றையும் இந்தக் கட்டத்தில் ஒதுக்கி வையுங்கள். நம்மூர் மாணவர் படம் ஏன் எப்போதும் அலாரம் அடித்து, கை வந்து அணைத்து, பல் தேய்ப்பதில் தொடங்குகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தால் ரஃப் கட்டில் முதல் நாற்பது நொடியை மறைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். படம் புரிகிறதா? அப்படியானால் அது தேவையில்லை.

பிறகு அதே சீனை இரண்டாம் தடவை எடுக்கப் போங்கள். ‘மறுபடியுமா?’ என்று நடிகர்கள் முனகுவார்கள், பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள். இந்த முறை கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்வி வராது. அப்பாவின் குளோஸ் எவ்வளவு நேரம் வேண்டும், மகள் எந்தப் பக்கம் ஃபிரேமை விட்டு வெளியே போக வேண்டும், ரிமோட்டுக்குத் தனி இன்சர்ட் (அதை மட்டும் நெருக்கமாகக் காட்டும் ஷாட்) வேண்டுமா என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். ஷாட் எண்ணிக்கை குறைந்துபோவதையும் பார்ப்பீர்கள். மிச்சப் படத்துக்கு ஷாட் டிவிஷன் (சீனை ஷாட் ஷாட்டாகப் பிரித்த பட்டியல்) எழுத அதற்குப் பிறகு உட்காருங்கள்.

கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வழியாக வந்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள் ஒரே ஒரு பெரிய குறும்படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று ஒரு படம் எடுத்து, வெட்டி, காட்டி, திட்டு வாங்கி, அடுத்ததற்குப் போனார்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரே ப்ராஜெக்ட் என்றாலும் அதற்குள்ளேயே அந்தச் சுற்றை இரண்டு, மூன்று தடவை ஓட்டிக்கொள்ளலாம்.

முழுப் படத்தின் ரஃப் கட் வந்ததும் கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வகுப்புத் தோழர்கள் வேண்டாம், அவர்கள் ‘செம மச்சி’ என்பார்கள். யாருடைய அம்மாவாவது இருந்தால் உத்தமம். எதையும் விளக்காதீர்கள். திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். எந்த இடத்தில் போனைத் தேடுகிறார், எங்கே ‘இது யாரு?’ என்கிறார் என்று நேரத்தோடு குறியுங்கள். முடிந்ததும் ‘பிடிச்சிருந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘என்ன நடந்துச்சு, சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவர் சொல்கிற கதையும் நீங்கள் எடுத்ததாக நினைக்கிற கதையும் எங்கே பிரிகிறதோ, அங்கே திரும்ப வெட்டுங்கள், தேவையானால் ஒரு ஷாட்டை மட்டும் போய் எடுத்து வாருங்கள்.

பத்து நிமிடம் வராவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுவீர்கள். ரஃப் கட் பதினாலு நிமிடம் இருந்து, நல்ல கட் ஏழு நிமிடத்தில் முடிவது சகஜம். பத்து நிமிடம் என்பது உச்சவரம்பா, கட்டாயமா என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் என்றால் ஸ்கிரிப்டில் ஒரு சீன் கூடுதலாக எழுதுங்கள். இருக்கிற ஷாட்டை இழுத்து நிரப்ப வேண்டாம்.

எந்த சாஃப்ட்வேர் என்பதற்குப் பெரிய பதில் இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். வாட்டர்மார்க் வராது, கையைத் தட்டி எடுத்த ஆடியோவைத் தானே சேர்த்துக்கொடுக்கும், டிஐயும் அதிலேயே செய்யலாம். சுமாரான லேப்டாப் என்பதால் ப்ராக்ஸி (எடிட் செய்வதற்கான எடை குறைந்த நகல்) உருவாக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள். மொபைல் ஃபுட்டேஜில் ஃபிரேம் ரேட் அங்கங்கே ஏறி இறங்கி, நீளமான ஷாட்டில் உதடும் சத்தமும் விலகிக்கொண்டே போவதுண்டு; அப்படி நடந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட்’ 25 ஃபிரேமாக மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள். எடிட்டிங்கைத் தொடங்கிய பிறகு இதைச் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து வெட்ட வேண்டி வரலாம், அதனால் ஃபுட்டேஜை இறக்கும் அன்றே பார்த்துவிடுங்கள்.